உபதேசியார் மனம் மாறிய கதை

இடப்பக்கப் புதரில் மரங்கொத்தி ஒன்று கத்தியதும் லாபாங் அப்பாவின் கால் தானாக நின்றுவிட்டது. குனிந்து, இல்லாத அட்டையைக் காலிலிருந்து பிடுங்கி எறிந்தார். அந்தச் சாக்கில் பரமண்டல ஜெபத்தை முணுமுணுவென்று முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வயலுக்கு நடந்தார். பின்னால் கூடையோடு வந்த பக்கத்து அறைக்காரர் சங்காவுக்கு இது தினப்படி வேடிக்கை.

“என்ன உபதேசியாரே, நிக்கச் சொன்னது குருவியா, ஆண்டவரா?”

“அட்டைடா. வாய மூடிக்கிட்டு நட.”

இருபத்தொன்பது வருடங்களுக்கு முன்பு வரை ஒரே கூரையின்கீழ் அறைக்கொரு குடும்பமாக வாழும் அந்த நீளவீட்டுக்கே குருவிக்குறி பார்த்தவர் அவர்தான். விதைக்கலாமா, வீடு திரும்புவதா என்று அவர் சொன்னால் இருபத்திரண்டு குடும்பமும் கேட்கும். இப்போது அதே குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துகிறார். அதே கணீர் குரல்தான். ஆற்றில் தூரம் போகிறவர்கள் போதகர் காதில் விழாமல் இன்னமும் அவரிடம் குறி கேட்கிறார்கள். “எனக்கென்னப்பா தெரியும்” என்று கையை விரிப்பார். அப்புறம், எதற்கும் நாளைக்குப் போ என்பார்.

அவர் எப்படி மனம் மாறினார் என்று ஆராய இதுவரை மூன்று பேர் படகேறி வந்திருக்கிறார்கள். இனங்களின் வழக்கங்களை எழுதுகிறவரிடம், “குருவி பேச்சக் கேட்டா விதைப்புல பன்னெண்டு நாள் போயிடும். ஆண்டவரு வாரத்துல ஒரு நாள்தான் கேக்குறாரு” என்றார். மனோதத்துவம் படித்த பெண்ணிடம், மகள் ரிமாய் ஆறு வயதில் காய்ச்சலில் போனபின் தூக்கமில்லாமல் கிடந்ததைச் சொன்னார். வேதக் கல்லூரி மாணவருக்கு, படகு கவிழ்ந்தபோது யாரோ கையைப் பிடித்து இழுத்த கதை. மூன்றையும் பாய் முடைந்தபடி கேட்டிருந்தார் அவர் மனைவி லாபாங் அம்மா.

“ஆளுக்கொரு கதையா அவுத்து விடுறியேய்யா.”

“மூணும் நெசந்தான்டி. அவங்கவங்க அவங்களுக்கு வேண்டியதத்தான் கேக்குறாங்க.”

லாபாங் அம்மா மட்டும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. பிடிவாதக்காரி என்கிறது சபை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிமாய் போனது கணவர் மாறுவதற்கு முன்னால். பழைய முறைப்படி அழுது, இறந்தவர்களின் ஊரான செபாயானுக்கு வழியனுப்பி வைத்தார்கள். “நீ ஒம் பரலோகத்துக்குப் போ. நானும் வந்துட்டா அங்க புள்ளைக்கு யாரு இருக்கா?” அவ்வளவுதான் அவர் வாதம். ஊருக்கெல்லாம் பரலோகத்தை விளக்குகிற மனிதர் இதைக் கேட்டதும் வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிவிடுவார்.

போன மாதம் புதுப் போதகர் வந்தார். செத்த மகளுக்கென்று லாபாங் அம்மா தினமும் சோற்றுருண்டை வைக்கிற வழக்கம் ஈஸ்டருக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஜெபம் நடத்த வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று தன்மையாகவே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லாபாங் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணியை அடித்துச் சனங்களைக் கூப்பிடாவிட்டால் அவருக்கு வாரம் என்று ஒன்று கிடையாது.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்ததும் போதகர் அவர்கள் அறையிலேயே சாப்பிட உட்கார்ந்தார். லாபாங் அப்பா கண்ணை மூடி ஜெபம் சொன்னார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மகளுக்கு உருண்டை எடுக்க மனைவியின் கை சோற்றுச் சட்டிப் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக் குனிந்திருந்தார்.

“சாப்பிடுங்க, ஆறிடும்” என்றார் லாபாங் அம்மா, பொதுவாக.

மூலையில் ரிமாயின் சின்னத் தட்டு கவிழ்ந்தபடி இருந்தது. லாபாங் அப்பா எழுந்துபோய் அதை எடுத்துவந்தார். ஒரு பிடி சோற்றை உருட்டி அதில் வைத்தார். பிறகு தன் பங்கு மீனைப் பிட்டு, மங்கிய கண்ணுக்கு அருகே கொண்டுபோய், போதகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு முள்ளாக எடுக்க ஆரம்பித்தார்.