பொலித்தீன் பைக்குள் ஒரு கை

ஞாயிறு காலை தொலைபேசியில் அழைத்தவர் கந்தோர் நண்பர் எவருமல்லர். ஏழாலைத் தோட்டக்காரர் மார்க்கண்டர். “ஐயா, எங்கடை மிஸ் மோசம் போட்டா” என்றார். மானிப்பாயில் தமது வீட்டில், உறக்கத்திலேயே, தோட்டக்காரர்கள் ‘மிஸ்’ என்று அழைக்கும் செல்வராணி அவர்கள் விடைபெற்றிருந்தார்.

விவசாயக் கந்தோரில் நாங்கள் இருவரும் பதினெட்டு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போவார். நான் மேசையில் இருந்து துண்டுப்பிரசுரம் எழுதுவேன். என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. “உங்கடை பிரசுரம் வாசிக்க வடிவாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் செல்வராணி சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஒருமுறை விதை வெங்காயத்தைப் பாதுகாப்பது பற்றி எழுதினேன். ‘ஈரலிப்புப் படாமல் வைத்திருக்கவும்’ என்று முடித்திருந்தேன். ஈரலிப்பு எங்கிருந்தெல்லாம் வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் செல்வராணி. ஈரலிப்புத் தெரியாத தோட்டக்காரன் உண்டா என்று கேட்டுவிட்டுப் பிரசுரத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்க்கண்டர் அதை அப்படியே நம்பினார். மாரி மழை கூரையால் ஒழுகிவிடும் என்று பயந்து, காற்றாடத் தொங்கிய வெங்காயப் பிடிகளை எல்லாம் இறக்கிப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். மழை ஒரு துளிகூடப் படவில்லை. நடுகைக்கு அவிழ்த்தபோது அத்தனையும் அழுகிக் கிடந்தது. அந்தப் போகத்துக்கு அவரிடம் இருந்த விதை அவ்வளவுதான்.

செல்வராணி என் மேசைக்கு வந்தார். திட்டவில்லை. “எழுதினது நீங்கள். நீங்கள்தான் வந்து சொல்லவேணும்” என்றார்.

போனேன். மார்க்கண்டரின் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு தோட்டக்காரர் கூடியிருந்தார்கள். பிழை என்னுடையது என்று சொன்னேன். செல்வராணி ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். என் வலக்கையை அதற்குள் விட்டு, மணிக்கட்டில் நூலால் கட்டி, வெயிலில் நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. சற்று நேரத்தில் பை உட்புறம் மங்கி, முத்து முத்தாய் நீர் கோத்தது.

“இதுக்குள்ளை மழை பெஞ்சதே? ஐயான்ரை கையிலையிருந்து வந்த ஈரலிப்பு இது. வெங்காயத்துக்கும் உயிர் இருக்கு, அதுவும் வேர்க்கும்” என்றார்.

பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிடி விதை வெங்காயம் மார்க்கண்டருக்காகக் கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. மார்க்கண்டரின் தோட்டத் தறை அந்தப் போகம் தரிசாகக் கிடக்கவில்லை. அதன்பின் செல்வராணி பார்க்காத ஒரு பிரசுரத்தையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. அவர் எனக்குச் செய்த நன்மை அது. இருக்கும்போது அதை நான் சொல்லவேயில்லை.

செத்தவீட்டுக்கு மல்லிகை மாலை வாங்கிப் போனேன். வாடிவிடக்கூடாதென்று பூக்கடையில் கொடுத்த பொலித்தீன் பையின் வாயை வழியில் நானே இறுக்கி முடிந்திருந்தேன். செல்வராணியின் காலடியில் வைக்கக் குனிந்தபோது பக்கத்தில் நின்ற மார்க்கண்டர் என் கையைப் பிடித்தார். பைக்குள் பூத் தெரியவில்லை, அவ்வளவு வேர்த்திருந்தது.

அவரே முடிச்சை அவிழ்த்து, மாலையை எடுத்து மெல்ல உதறி என்னிடம் தந்தார். செல்வராணியின் அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்கமாட்டோமா என்றிருந்தது.

ஈரக் கையோடு கும்பிட்டேன். போய் வாருங்கள், செல்வராணி.