என் அணுக்கள் கண்டுபிடிக்காத நோய்

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது பாதிப் பொருத்தம் இருக்கிறதென்று என் ஸ்டெம் செல்லை எடுத்து ஏற்றினார்கள். அந்த அணுக்கள் அவன் உடம்பில் வளர்ந்து, மிச்சமுள்ள புற்றணுக்களைத் தேடிக் கொல்லும் என்றார் திருப்பதி டாக்டர். சில மாதம் நன்றாகத்தான் இருந்தான். நகரியில் தான் வேலை பார்த்த பவர்லூம் செட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவான். பிறகு நோய் திரும்பிவிட்டது.

வீட்டில் பழி என் ரத்தத்தின்மேல் விழுந்தது.

"ஆஸ்டல் சோறு துன்ன ரத்தம். அதுல இன்னா சத்து இருக்கும்?" என்றார் நைனா. அண்ணன் தறிக்குப் போனதால்தான் வீட்டில் நான் ஒருவன் படித்தேன். மறுபடி என் அணுக்களைத்தான் கேட்பார்கள் என்று அம்மா தினமும் ஆட்டு ஈரல் வறுத்தாள். "அவன் உசுரு உன்கிட்ட கீது, துன்னு" என்பாள். ஈரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும் தின்றேன்.

நைனாவும் நானும் திருப்பதி போனோம். டாக்டர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். ஒவ்வோர் அணுவின் மேலும் அடையாளம் இருக்கும்; பாதி அம்மா வழி, பாதி அப்பா வழி. எனக்கும் அண்ணனுக்கும் அம்மா வழி ஒன்றேதான்; அப்பா வழியில், நைனாவிடம் இருக்கும் இரண்டில் ஆளுக்கு வேறொன்று வந்திருக்கிறது. அந்த வேற்று அடையாளத்தைப் பார்த்துத்தான் என் அணுக்கள் தாக்கின. தப்பிய புற்றணுக்கள் அதை உதறிவிட்டன. இனி எவ்வளவு ஏற்றினாலும் என் அணுக்களுக்கு எதிரி தெரியாது.

நைனா யோசித்தார். "எலக்சன் சண்டையில கட்சித் துண்டக் கழட்டி இடுப்புல சொருவிக்கினு நிப்பானுங்களே, அப்படியா சார்?"

டாக்டருக்குத் தமிழ் புரியும். "அதேதான்."

"அப்போ இவன் ரத்தத்துல குறை இல்ல?"

"இல்லை. மிச்சமுள்ள அம்மா வழி அடையாளத்தை அந்நியமாகப் பார்க்கிற ஆள் வேண்டும். நீங்கள்தான்."

"பீடி குடிப்பேனே சார்."

"இன்றோடு விடுங்கள்."

வார்டில் அண்ணனிடம் சொன்னேன். "நைனாவோடது ஏறினா அவரு கோவமும் வந்துடுமாடா?" என்றான்.

"வரட்டும்ணா. அதுக்குத்தான் ஏத்துறாங்க."

"என்கிட்ட காட்டாம இருந்தா சரி."

ஏற்றியாகிவிட்டது. நைனாவின் அணுக்கள் பிடித்துக்கொண்டன. புற்றணு இப்போதைக்குத் தென்படவில்லை. இந்த அடையாளத்தையும் மறைத்துக்கொள்ளுமா என்று போன வாரம் டாக்டரிடம் கேட்டேன். மறைக்கலாம், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். அண்ணனும் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.