வெள்ளை பூத்த அத்திப்பழம்

ஊரெல்லாம் மின்வெட்டில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த காலத்திலும் நெய்வேலி நகரியத்தில் கரண்ட் போகாது. அதனால் எங்கள் ஃப்ரிட்ஜைச் சொந்தக்காரர்கள் பொதுச்சொத்தாகவே நினைத்தார்கள். கம்மாபுரத்துச் சித்தி ஒருபடி மேலே போய், புழுக்கம் தாங்காமல், மேடிட்ட வயிற்றோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டான பிள்ளை. சித்தப்பா அவளுக்காக மூட்டையாய் வாங்கிவந்த பேரீச்சையும் உலர்ந்த அத்தியும், புழு வைக்காமலிருக்க, ஃப்ரீசருக்குள் போயின.

அம்மா காலையில் டப்பாவை எடுத்து மேடைமேல் வைப்பாள். சில்லிப்பு முழுக்கப் போகும்வரை மூடியைத் தொடக்கூடாது. "இப்பவே தொறந்தா பழம் வேர்த்துப்பூடும்டி" என்பாள். எனக்கோ நாக்கில் எச்சில் ஊறும்.

ஒருநாள் திறந்தபோது அத்திப்பழத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை பிடித்ததைத் தின்றால் விஷம் என்று பள்ளியில் அப்போதுதான் சொல்லியிருந்தார்கள்.

"சித்தி, தின்னாத! பூஞ்சை!"

"அது பழத்துச் சக்கரடி. குளுருக்கு வெளிய வந்துகினு இருக்குது" என்று அம்மா சிரித்தாள். சித்தியும் சிரித்தபடியே மென்று விழுங்கினாள். நான் டீச்சரைத்தான் நம்பினேன்.

அன்று சாயங்காலமே சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, முகம்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடித்தார். அம்மாவும் கூடப் போனாள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள். சித்தி செத்துப்போவாள், அம்மாவைப் போலீஸ் பிடித்துப்போகும். ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் கட்டிலுக்கடியில் புகுந்தேன். மைன்ஸ் ஜீப்புகள் ஓயாமல் ஓடும் ஊர் அது. கட்டிலுக்கடியிலேயே குடியிருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

சில நாள் கழித்துச் சித்தி நடந்தே வீட்டுக்குள் வந்தாள். போகும்போது இருந்த வயிறு இல்லை. நான் அதைக் கவனிக்கவேயில்லை. சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பழம் விஷமில்லையாம்மா?" என்று கிசுகிசுத்தேன். அம்மா ஒரு அத்தியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மாவுக்கும் பயம்தான் போலிருக்கிறது, இப்போது தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. ஓடிப்போய்ச் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"நல்லவேளை சித்தி, யாருக்கும் ஒண்ணும் ஆவல!"

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். நல்லதைத்தானே சொன்னேன், எதற்குப் பொத்துகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.