மூச்சு முடிந்த இடம்

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. பெரிய புரோகிராமின் பகுதிகளை எந்த ஒழுங்கில் சேர்ப்பது என்று எழுதிய ஃபைலை வாசிக்க, நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அந்த ஃபைலில் நீண்ட வரியை உடைத்து எழுதினால், முடிவில் ஒரு சாய்கோடு போடுவோம். வரி இன்னும் முடியவில்லை, அடுத்த வரியையும் சேர் என்று அர்த்தம். சில ஃபைல்களில் மட்டும் என் புரோகிராம் சேர்க்காமல் நின்றுவிடும். திங்கட்கிழமை சரியாக ஒப்படைக்காவிட்டால் வேலை போய்விடும்.

அச்சடித்த தாள்களோடு மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் அசர் தொழுதுவிட்டுத் தங்கச்சி குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாள். நீண்ட ஆயத்து ஒன்றின் நடுவில், வசனம் முடியும் முன்பே நிறுத்தி, ஓதிய சொற்களையே மறுபடியும் ஓதினாள்.

“பிழை விட்டுட்டியா?” என்றேன் எரிச்சலில்.

ஆயத்தை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “இல்ல காக்கா, மூச்சு முடிஞ்சிட்டு. கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சேர்த்துத்தானே ஓதணும். நீங்களும் ஓதினதுதானே?”

ஓம், நானும் ஓதியதுதான். தாளைப் பார்த்தேன். மெமரி போதாதென்று ஃபைலைத் துண்டு துண்டாக வாசிக்க வைத்திருந்தேன். சாய்கோடு ஒரு துண்டின் கடைசி எழுத்தாக விழுந்தால், அடுத்த துண்டில் என் புரோகிராம் அதை மறந்து புதிதாகத் தொடங்கியது. பழைய துண்டின் கடைசி எழுத்தையும் கூடவே கொண்டுபோக வைத்தேன். திங்கட்கிழமை எல்லா ஃபைலையும் ஒழுங்காக வாசித்தது.

அடுத்த லீவில் நடந்ததை அவளிடம் சொன்னேன்.

“அப்ப மெஷினுக்கும் மூச்சு முடியுமா காக்கா?”

“ஓம்” என்றேன். பிழை விட்டுட்டியா என்று அவளிடம் கேட்டது மட்டும் இன்னும் குத்துகிறது.