உதட்டில் தெரியாத ராகம்

எங்கள் அப்பாவுக்குத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு ஆளைத்தான் பிடிக்கும். செய்தி வாசிக்கும் அந்தம்மாவை. வேறு எது ஓடினாலும் எழுந்து தெருப் பக்கம் போய்விடுவார். செய்தி நேரத்துக்கு அம்மா கையைக் காட்டிக் கூப்பிட வேண்டும். வந்து பெட்டிக்கு நேர் எதிரே, கண்ணாடியை முட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

அப்பா ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. ஸ்பின்னிங் பகுதியில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். லீவு கேட்பது, பெண் பார்த்துவிட்டு வந்த கதை, மேஸ்திரியைக் கேலி செய்வது எல்லாம் உதட்டிலேயே நடக்கும். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அப்பா ஓவர்டைம் பார்க்காத வாரம் கிடையாது. அந்தக் காலத்தில்தான் அவருக்குக் காதும் அநேகமாகப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சொல்லத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

ஒருநாள் செய்தி ஓடும்போது பெட்டியில் சத்தம் நின்றுபோனது. நாங்கள் அதன் தலையில் தட்டிக்கொண்டிருந்தோம்.

"என்னத்துக்குத் தட்டுதீக? அந்தம்மா தெளிவாத்தான சொல்லுதாக?" என்றார் அப்பா. "வைகையில தண்ணி தொறக்கப் போறாகளாம். டெல்லியில யாரோ மந்திரி ராஜினாமா."

அன்றைக்கு முழுச் செய்தியையும் அவர்தான் எங்களுக்கு வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று, "ஏ மாமா, உம்ம நியூஸ்ல வெளையாட்டுச் செய்தி உண்டா?" என்று கேட்டது அவருக்குத் தெரியாது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்தம்மா திரையில் வருவது நின்றது. புதிதாக வந்தவர் தாளைப் பார்த்துக் குனிந்தே வாசித்தார். அப்பா நாலைந்து நாள் உட்கார்ந்து பார்த்தார். "உச்சந்தலையில என்னத்தலே படிக்க?" என்று எழுந்து போனவர், அப்புறம் கூப்பிட்டாலும் வருவதில்லை.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தம்மா செய்தி வாசிப்பதை விட்டுவிட்டுப் புகுந்த ஊருக்கே வந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலங்களில் மடவார் வளாகம் பகுதியில் தன் வீட்டு மாடியில் ஆட்களைக் கூட்டிவைத்து கர்நாடக சங்கீதம் கேட்கச் சொல்லித்தருகிறார். ஒரு ராகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார், கேசட்டைப் போடுவார், நடுவில் நிறுத்தி, "இப்ப எங்க திரும்பினார், கவனிச்சீங்களா?" என்பார். யாரும் போகலாம். பால்கோவா கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா, டீச்சர்கள் என்று வந்தார்கள். நான் ஆளைப் பார்க்கத்தான் போனேன். சில வாரங்களில் தோடி எனக்குப் பிடிபட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் தொண்டைக்குள் அதுவே ஓடியது.

வீட்டில் சொன்னேன்.

"அங்க நியூஸ் வாசிக்காகளா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. பாட்டைப் பத்திப் பேசுதாக."

"பேசுதாகள்ல? பொறவென்ன. நானும் வாரேன்."

சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கல்யாணி ராகம். அந்தம்மா பேசப் பேச, பழைய சிநேகிதரைக் கண்டவர் போல அப்பா தலையாட்டினார். கேசட் ஓட ஆரம்பித்தது. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். எல்லோருமே மூடிக்கொண்டோம். பாட்டு தொடங்கியதும் நான் தொடையில் தாளம் போட்டேன். தற்செயலாகத் திரும்பினால், அப்பா என் கையைப் பார்த்து, ஒரு தட்டு பிந்தித் தன் தொடையில் போட்டுக்கொண்டிருக்கிறார். என் கை நின்றுவிட்டது.

"ஏம்லே நிப்பாட்டிட்ட? போடு. உன்னையப் பாத்துத்தான நானும் போடுதேன்!"

தன் குரல் தனக்கே கேட்காதவர், உரக்கத்தான் சொன்னார். மொத்த மாடியும் திரும்பியது. ஒரு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தம்மா கேசட்டை நிறுத்தி, என்ன என்பது போலப் பார்த்தார். அப்பா எழுந்து நின்றார்.

"பாட்டு எனக்குக் கேக்காதும்மா. காது மில்லோட போச்சு. நீங்க பேசுதது மட்டும் தெரியும். நியூஸ விட்டு ஏன் போனீக? நீங்க போனதுல இருந்து நாட்டுல என்ன நடக்குன்னே எனக்குத் தெரியல."

அந்தம்மா எழுந்து வந்து அப்பாவின் முகத்துக்கு நேராக நின்றார். "விபத்து, சாவு எல்லாத்தையும் முகம் மாறாம வாசிச்சேன் ஐயா. வீட்டுக்குப் போனா தூக்கம் வராது. பாட்டு கேட்டாத்தான் வரும்."

"இப்ப வருதா?"

"வருது."

"அப்ப இதையே செய்ங்க. நான் சும்மா கேட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, "மொதல்ல எல்லாரும் கண்ணை மூடுனீகளே, அப்ப என்னலே சொன்னாக?" என்றார். அது ஆலாபனை. வார்த்தையே கிடையாது. எப்படிச் சொல்ல? அவருக்கு நேராக முகத்தை வைத்து மெதுவாகப் பாடிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "தொறந்தே வச்சிருக்கியே. சொல்லு."

"அம்புட்டுத்தாம்பா. ஆ... ன்னுதான் இருக்கும்."

"இதுக்கா கண்ணை மூடுனீக?"

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எப்பிடி?" என்பார். அந்தம்மா பேசியதைச் சொல்வேன், கேட்டுக்கொள்வார். பாட்டு எப்படி என்று கேட்டால் மட்டும், கையை அசைத்து, "சுமார்தாம்பா" என்று சொல்லிவிடுவேன். மாடிப்படி இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களிலும் அதையே சொன்னேன். அவருக்குப் பெரிதாக எதுவும் தப்பிப்போகவில்லை என்று இருக்கட்டும்.

போன வாரமும் அப்படித்தான் சொன்னேன். அப்பா யோசித்தார்.

"பாவம். கைவசம் இருந்த தொழில விட்டுட்டு வந்து கஷ்டப்படுதாக. நியூஸுன்னா அம்புட்டு நல்லா வாசிப்பாக" என்றார். அப்புறம் என் தோளில் தட்டினார். "சுமாரா இருக்குன்னு நீ போறத நிப்பாட்டிராத. ஆள் கொறஞ்சா அந்தம்மா சங்கடப்படுவாக."