கொடியில் காய்ந்த கையுறைகள்

உதவி செய்யப் போகிறவருக்கு முதலில் வேண்டியது கையா, காதா? ஒரு நர்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் இப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

நர்சிங் படிப்பின் கடைசி வருடத்தில் அவள், இரண்டு தோழிகளோடு, வேறொரு நாட்டின் கிராமத்து ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போனாள். ஒரு நிமிடம் உட்காரமாட்டாள். தோழிகள் வைத்த பெயர் பம்பரம். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொடியில் நாற்பது ரப்பர் கையுறைகள் காய்வதைப் பார்த்தாள். ஒருமுறை போட்டதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது வகுப்புப் பாடம். யாரையும் கேட்கவில்லை. அத்தனையையும் குப்பைக்குழியில் போட்டுக் கொளுத்தினாள். அன்று முழுக்க நல்லது செய்த திருப்தி.

மறுநாள் காலை பிரசவ வலியோடு ஒரு பெண் வந்தாள். வார்டு சிஸ்டர் இழுப்பறையைத் திறந்தார். காலி.

“கொடியில காயப்போட்டிருந்தேனே, எங்கம்மா?”

“எரிச்சுட்டேன் சிஸ்டர். பழசுன்னு நினைச்சு…”

“கொதிக்க வெச்சுக் காயப்போட்டது. புதுப் பெட்டி வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.”

சிஸ்டரின் விரலில் ஆறாத கத்திக் காயம். ஒரு கணம் அதைப் பார்த்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே போனார்.

குழந்தை நன்றாகவே அழுதது. தாயின் ரத்தம் பரிசோதனைக்கு நகரத்துக்குப் போனது. அதில் தொற்று இருந்தால், அது சிஸ்டரையும் பிடித்திருக்கலாம். முடிவு வர ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய வார்டையே மறுபடி பெருக்கினாள். மடித்த போர்வையைப் பிரித்து மடித்தாள்.

“உட்காருடி, எங்களுக்குத் தலை சுத்துது,” என்றாள் தோழி.

“விடும்மா, தரை தேய்ஞ்சா வேற போட்டுக்கலாம்,” என்றார் சிஸ்டர்.

“திட்டவாவது செய்யுங்க சிஸ்டர்.”

“திட்டினா உனக்கு மனசு ஆறிடும். எனக்கு வேலை கிடக்கு.”

பத்தாம் நாள் முடிவு வந்தது. தொற்று எதுவும் இல்லை. தோழிகள் கைதட்டினார்கள். அவள் வெளியே போய், வெறும் கொடியின் கீழே வெகுநேரம் இங்குமங்கும் நடந்தாள்.

ஊர் திரும்பிப் படிப்பை முடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று, கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைக்கும் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை.

“நோயாளியப் பார்க்கத்தானே படிச்சே? அங்க போய் ஏன்டி அடைஞ்சு கிடக்கணும்?” என்று அம்மா கேட்டாள்.

“தட்டை எடுத்து வைம்மா, பசிக்குது,” என்று சொல்லிவிட்டு, அவள் கைகழுவப் போனாள்.