பொம்மிடியில் பதினோராவதாக வந்தவன்

காலை மணி 4.52. பொம்மிடி நிலையத்தில் ரயில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது இரண்டு வெறுங்கால்கள். காக்கி அரைக்கால் சட்டைக்குக் கீழே, முழங்காலிலிருந்து பாதம் வரை, குளிரில் மயிர்க்கூச்செறிந்து நின்றன. சட்டைக்கு மேலே கம்பளி ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர். மேல்பாதி ஜனவரிக்கும் கீழ்ப்பாதி சித்திரைக்கும் உடுத்தியிருந்த அந்த மனிதர் என் பையை வாங்கிக்கொண்டார்.

"மெட்ராஸ் சாருங்களா? கோவிந்தசாமிங்க. கார்டு போட்டவன் நாந்தான்."

தபால் ஆபீஸ் எழுத்தர். உள்ளூர் ஓட்டக் குழுவின் செயலாளர். அவர் எங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய பதினைந்து காசு கார்டில் நான்கு வரிகள் இருந்தன: ஞாயிறுதோறும் ஓடுகிறோம். போட்டி இல்லை. பரிசு இல்லை. காலை உணவு உண்டு. ஆசிரியர் கடைசி வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கார்டை என் மேசையில் போட்டார். 1985, பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு அது.

நிலையத்திலேயே பல் தேய்த்து, சற்று உட்கார்ந்திருந்துவிட்டு நடந்து போகும்போது, "சார் ஓடுவீங்களா, எழுதறதோட செரிங்களா?" என்று கேட்டார்.

"காலேஜில் ஓடியிருக்கிறேன்" என்றேன். உண்மைதான். ஒரே ஒரு தடவை, நூறு மீட்டர்.

காலை 5.50. பாப்பிரெட்டிப்பட்டி சாலையின் தொடக்கத்தில் ஒரு டீக்கடை. டீ நாற்பது காசு. உள்ளே இட்லிக் குண்டானிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்த மண்ணில் செருப்புகளை ஒரே நேர்க்கோட்டில் விட்டிருந்தார்கள். டயர்ச் செருப்பு, ரப்பர்ச் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியது, பதினொரு ஜோடி. சிலர் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள், சிலர் கான்வாஸ் ஷூவுக்கு மாறியிருந்தார்கள். நானும் நாற்பத்திரண்டு ரூபாய்க்குப் புதிதாக வாங்கிய வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, என் தோல் செருப்பை வரிசையின் கடைசியில் விட்டேன். பன்னிரண்டு.

"இதுதாங்க எங்க அட்டெண்டன்ஸு" என்றார் மாதையன். மரவள்ளியும் மாந்தோப்பும் உள்ள விவசாயி, குழுவிலேயே உரத்த குரல் அவருடையது. "ஓடிட்டு வர்ற ஆளு தன் செருப்ப மாட்டிக்குவாரு. மிச்சம் கெடக்கற செருப்புக்காரன் இன்னும் ரோட்டுல இருக்கான்னு அர்த்தம். கடைசிச் செருப்பு எந்திரிக்கற வரைக்கும் ஒருத்தரும் இட்லியில கை வெக்கக் கூடாது."

"கடைசி ஆளுக்கு?"

"அவரு எல்லாருக்கும் பரிமாறணும். எல்லாரும் தின்னு ஏப்பம் வுட்டப்புறம் அவரு திங்கணும்."

"வழக்கமாக யார் அது?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் சின்னப்பன். இடது கால் சற்றுக் குட்டை.

"ஆறு வருசமா நாந்தாங்க" என்று சிரித்தார். "ஓட்டத்துல எப்பிடியோ, இட்லி வெக்கறதுல என்னைய அடிச்சுக்க ஆளில்லீங்க."

"இன்னிக்கோட அந்த உத்தியோகம் போச்சு டெய்லரே" என்றார் மாதையன், என் வயிற்றைப் பார்த்தபடி. "மெட்ராசுலேர்ந்து ஆளு வந்தாச்சு."

பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். கடை பெஞ்சில் ஒரு அம்மாள் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மடியில் மூடிய எவர்சில்வர் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். டெய்லரின் மனைவி லூர்துமேரி. இந்த ஆறு வருடத்தில் அவர் ஒருநாளும் இங்கே வந்ததில்லை என்றார் கோவிந்தசாமி.

"மொதப் பூசைய வுட்டுட்டு வந்துருக்கேன்" என்றார் அந்த அம்மாள். "வாரா வாரம் ஊருக்கெல்லாம் இட்லி வெச்சுட்டு வர்றாரு. வூட்டுல சொன்னா கேக்கறதில்ல. இன்னிக்கு யாரோ மெட்ராஸ்காரரு வர்றாரு, நான் உக்காந்து திங்கப் போறேன், வந்து பாருன்னாரு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"தூக்குல என்னாங்க?" என்று மாதையன் எட்டிப் பார்த்தார்.

"கச்சாயம். ஆளுக்கு ஒண்ணு. அவரு உக்காந்தப்புறந்தான் தெறப்பேன்."

கச்சாயம் என்பது அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடுவது. குளிரில் அந்த வாசனை மூடியை மீறி வந்தது. கணவன் மனைவி இருவரும் என்னைப் பார்த்தார்கள். பார்வையில் கேலி இல்லை. மழை வருமென்று சொன்ன நாளில் மேகத்தைப் பார்ப்பவர்களின் பார்வை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

காலை 6.15. புறப்பட்டோம். ஐந்தாவது கிலோமீட்டர் கல்வரை போய்த் திரும்புவது, மொத்தம் பத்து. முதல் கல்வரை எல்லோரும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பது இன்னொரு விதி. பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச முடியாதவன் வேகமாக ஓடுகிறான் என்று சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பெண்ணுக்கு அரூரில் மாப்பிள்ளை இருப்பதாகச் சொல்லப்பட்டது, ஒரு பம்புசெட்டின் வியாதி விவரிக்கப்பட்டது, மாதையன் எந்தப் படத்துக்கு யாரோடு போனார் என்பது அவர் மறுக்க மறுக்க நிரூபிக்கப்பட்டது. அரிசி ஆலைக்கு எதிரே ஒரு கறுப்பு நாய் சாலைக்கு ஓடி வந்தது. கோவிந்தசாமி பையிலிருந்து ஒரு ரஸ்கை எடுத்துப் போட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு ஒதுங்கியது. அதன் ஞாயிற்றுக்கிழமைச் சுங்கம் அது.

முதல் கல்லைத் தாண்டியதும் குழு நீண்டு பிரிந்தது. இரண்டாவது கல்லில் என்னோடு சின்னப்பன் மட்டும் இருந்தார். மஞ்சள் வயல்களில் தாள் காய்ந்து கிடந்தது. மாமரங்கள் பூவெடுத்திருந்தன. அவருடைய ஓட்டம் குட்டைக் காலில் ஒரு அமுக்கு, நெட்டைக் காலில் ஒரு தாவல். தையல் மிஷின் மாதிரி, மெதுவாக, ஒரே சீராக. ஐந்தாவது கல்லை நாங்கள் தொட்டபோது மணி 7.05. எனக்கு மூச்சு இல்லை. குதிகால் இரண்டிலும் கொப்புளம். அவர் அருகிலிருந்த பம்புசெட் தொட்டியிலிருந்து இரு கையிலும் தண்ணீர் அள்ளி வந்து கொடுத்தார். நான் இளைப்பாறும்வரை நின்றார்.

திரும்பும்போது சேர்வராயன் மலை முகத்துக்கு நேரே இருந்தது. நான்காவது கல்வரை எனக்காக நடந்தார். அங்கே தயங்கி நின்றார்.

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. நான் முன்னாடி போவட்டுங்களா?"

"போங்க, போங்க" என்றேன்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. நீங்க மெதுவாவே வாங்க. நாங்க காத்துக்கிட்டு இருப்போம்."

அமுக்கும் தாவலுமாகப் போனார். சாலை வளைவில் மறையும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

காலை 7.33. மூன்றாவது கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப்பக்கம் போகும் பால் வண்டி ஒன்று வந்து தானாகவே நின்றது. நான் கை காட்டவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சாதகமாகச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

"கால்ல அடிங்களா? ஏறுங்க சார்."

முன்னால் டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தது. நான் பின்னால் ஏறி, பால் கேன்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் சின்னப்பனைத் தாண்டினோம். டிரைவர் ஹாரன் அடித்து, "அண்ணோவ், ஏறிக்கறீங்களா?" என்று கத்தினார்.

"இன்னிக்கு வேணாம்ப்பா!" என்று பதில் வந்தது. சந்தோஷமான குரல். நான் கேன்களுக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அரிசி ஆலைக்குப் பின்புறம் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் என் ஷூவைப் பார்த்தார், செருப்பு வரிசை இருக்கும் திசையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். கறுப்பு நாய் என்னை விடாமல் குரைத்தது. என்னிடம் ரஸ்க் இல்லை.

காலை 7.47. டீக்கடைக்கு ஓடி வந்து சேர்ந்தேன். கைதட்டினார்கள். மாதையன் என் முதுகில் ஓங்கி அறைந்து, "சார் புலிங்க! நம்மதான் வயித்தப் பாத்து ஏமாந்துட்டோம்" என்றார். மண்ணில் இரண்டு ஜோடி மிச்சமிருந்தன. என் தோல் செருப்பு ஒன்று. நீல வார் போட்ட டயர்ச் செருப்பு மற்றொன்று. லூர்துமேரி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"அவரு எங்கீங்க?"

"பின்னால் வருகிறார்" என்றேன்.

பத்தொன்பது வருடம் செய்தி எழுதியவன் நான். அந்த இரண்டு சொற்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. ஷூவைக் கழற்றி என் செருப்பை மாட்டிக்கொண்டேன். கோவிந்தசாமி நோட்டில் எழுதினார்: "சார் பதினொண்ணு. டெய்லரு பன்னண்டு." அந்த அம்மாள் மண்ணில் தனியாகக் கிடந்த ஜோடியைப் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

காலை 7.58. சின்னப்பன் வளைவில் தெரிந்தார். கடைசி ஐம்பது கஜத்தை அவர் வேகமாக ஓடினார். முகம் மலர்ந்திருந்தது. வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு ஜோடி. பிறகு என் கால்களைப் பார்த்தார்.

சாலை ஒன்றுதான். குறுக்கு வழி கிடையாது. நான் அவரைத் தாண்டி ஓடவில்லை என்பது ஓட வந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். இதை அந்தக் கணம்வரை நான் யோசித்திருக்கவில்லை.

"என்னா டெய்லரே, இவரையும் வுட்டுட்டியா!" என்றார் மாதையன்.

சின்னப்பன் குனிந்து செருப்பை மாட்டினார். அதற்கு வழக்கத்தைவிடச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா பண்றது? காத்தாட்டம் போனாருங்க. கண்ணுக்கே தெரியல."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் கையைக் கழுவிக்கொண்டு இட்லித் தட்டை எடுத்தார். வாழையிலை போட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். விருந்தாளி என்று எனக்கு முதல் இலை. சட்னி சிந்தாமல், இட்லி உடையாமல், உண்மையாகவே அழகாகப் பரிமாறினார். என் இலைக்கு இரண்டாவது முறை வந்தபோது, "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னால் என்னமோபோல் இருக்கும் என்று தோன்றியது. ஐந்து இட்லி தின்றேன். பெஞ்சில் அந்தத் தூக்கு மூடியபடி இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி மாதையன்கூடக் கேட்கவில்லை.

காலை 9.40. பையைத் தூக்கிக்கொண்டு நிலையம் வரை வந்தவர் சின்னப்பன். கோவிந்தசாமிக்கு வேறு வேலை இருந்தது. பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர ஒரு மூட்டைக்காரர்தான். சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

"டெய்லர், அந்தப் பால் வண்டி..."

"ஷூ புதுசுங்க, அதான் கடிச்சிருக்குது" என்றார் அவர், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "ரெண்டு நாளு தேங்காண்ணெய் தடவி வெய்யுங்க. தோலு பதமாயிரும்."

என் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவளுக்குத்தான் கொஞ்சம் சங்கடங்க" என்றார் பிறகு. "நான் ஓடறதே அவளுக்குப் புடிக்காது. இன்னிக்குத்தான் வந்தா. இனிமே கூப்ட்டா வர மாட்டா."

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். திரும்பிப் போய்க் கோவிந்தசாமியின் நோட்டில் இரண்டு எண்களை மாற்றி எழுதச் சொல்லியிருக்கலாம். டீக்கடை பத்து நிமிட நடை, ரயிலுக்கு அரை மணி இருந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன் என்பதால் இது எனக்குத் தெரியும். ரயில் வந்தது. ஏறியதும் அவர் ஜன்னல் வழியாக ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"வூட்டுல குடுத்துச்சுங்க. வந்தவங்க வெறுங்கையா போவக் கூடாதுன்னு."

வண்டி நகர்ந்ததும் செய்தியை எழுதினேன். மெட்ராஸில் கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் எத்தனையோ பேர் ஓடுகிறார்கள். கடைசியில் வருகிறவனுக்காக அங்கே யாரும் சாப்பிடாமல் காத்திருப்பதில்லை என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம் என்று ஆசிரியர் பிற்பாடு சொன்னார். மூன்றாவது பத்தியில், இந்த நிருபர் பதினோராவதாக வந்தார் என்று இருந்தது. புதன்கிழமை இதழில் அப்படியே அச்சானது. கோவிந்தசாமி அதை வெட்டி டீக்கடைச் சுவரில் ஒட்டியிருப்பதாகக் கார்டு போட்டார். இந்தக் கட்டுரையையும் அவருக்கு அனுப்புகிறேன்.

அன்று ஜோலார்பேட்டையில் வண்டி நின்றபோது பொட்டலத்தைப் பிரித்தேன். பன்னிரண்டு கச்சாயம் இருந்தன.